ஒரு பொருள், ஒரு விவசாயி, ஒரு வருஷம்

இந்த எபிசோட் நம்ம வீட்டுச் சாப்பாட்டைப் பத்தி. "வீட்டை ஆர்கானிக்குக்கு மாத்தணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"ன்னு அடிக்கடி மெசேஜ் வருது. கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் நம்ம ஓ.எம்.ஆர். ஆளுங்க. நாவலூர், சிறுசேரி, படூர். நான் இருக்கிறது கேளம்பாக்கம். அதனால பொதுவாப் பேசாம, இங்கிருந்தே பேசுறேன்.

தையூர் ஏரியை வெட்டினவங்க நாம வாக்கிங் போறதுக்காக வெட்டல. பாசனத்துக்காக வெட்டினாங்க. இந்த மாவட்டத்தோட பேரையே வெச்சிருக்கிற நெல் ஒண்ணு இருக்கு: செங்கல்பட்டு சிறுமணி. நம்மள்ல எத்தனை பேர் அதைச் சாப்பிட்டிருக்கோம்? திருப்போரூரைத் தாண்டினா இன்னும் வயல் இருக்கு. ஆனா அந்த வயலுக்கு ஒரு பக்கம் நெல் விலை, இன்னொரு பக்கம் மனை விலை. லோக்கல் சாப்பாடு வேணும்னா, முதல்ல லோக்கல்ல நிலம் மிஞ்சணும். இதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

லேபிள் என்ன சொல்லுது?

கடையில வாங்கினா பாக்கெட்டுல "ஜைவிக் பாரத்" முத்திரை இருக்கான்னு பாருங்க. 2017-ல வந்த ஆர்கானிக் உணவு விதிகளோட சேர்ந்து வந்த முத்திரை அது. ஆனா சின்ன விவசாயி நேரடியா நமக்கு வித்தா, அவருக்குச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. அதனால முத்திரை இல்லைன்னாலே ஏமாத்து வேலைன்னு முடிவு கட்டிடாதீங்க. அந்த இடத்துல நாம கேள்வி கேட்கணும். எந்த ஊர் நிலம்? பூச்சி வந்தா என்ன தெளிக்கிறீங்க? எந்தத் தண்ணி பாய்ச்சுறீங்க? ஒருநாள் வந்து பார்க்கலாமா?

தண்ணி பத்தின கேள்வியை விட்டுடாதீங்க. நகரத்தை ஒட்டின இடங்கள்ல கீரை வாங்கும்போது, மருந்து அடிச்சாங்களாங்கிறது மாதிரியே முக்கியம், எந்தத் தண்ணியில வளர்ந்ததுங்கிறது.

"பிஜிஎஸ்"னு ஒரு முறையும் இருக்கு. விவசாயிகள் குழுவாச் சேர்ந்து, ஒருத்தர் நிலத்தை இன்னொருத்தர் போய்ப் பார்த்து உறுதி சொல்வாங்க. அதுல ரெண்டு நிலை. ரசாயனத்தை விட்டு மாறிக்கிட்டிருக்கிற நிலத்துக்கு "பிஜிஎஸ் இந்தியா கிரீன்". முழுசா மாறிட்டா "பிஜிஎஸ் இந்தியா ஆர்கானிக்".

நாம எல்லாரும் தேடுறது ரெண்டாவதை. ஆனா விவசாயி தடுமாறுறது முதல் நிலையிலதான். ரெண்டு மூணு வருஷம் ஆகும். உரத்தை நிறுத்தினதும் விளைச்சல் குறையலாம். விலையோ ஆர்கானிக் விலை கிடைக்காது. பக்கத்து வயல்காரர் சிரிப்பார். அந்தச் சமயத்துலதான் அவருக்கு வாங்குற ஆள் வேணும். அதனால என் கருத்து இது: மாறிக்கிட்டிருக்கிறவர்கிட்ட வாங்குங்க. நூறு சதவீதம் சுத்தம் கிடைக்காது. ஆனா அந்த நிலம் நிலமாவே நீடிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

ரெண்டு கிலோவுக்கு நாலு கிலோ

திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் செஞ்சது நினைவிருக்கா? நம்மாழ்வார் வழியில வந்தவர். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். 2018 டிசம்பர்ல காலமானார். ஆதிரெங்கத்துல நடந்த நெல் திருவிழாவுல விவசாயிக்கு ரெண்டு கிலோ விதை கொடுப்பாங்க. அடுத்த வருஷம் அவர் நாலு கிலோவாத் திருப்பித் தரணும். விதை பரவினது இப்படித்தான். "மறுபடியும் வருவேன்"ங்கிற வாக்குதான் அந்தத் திட்டத்தோட உயிர்.

நகரத்துல இருக்கிற நாம கொடுக்கக் கூடியதும் அதுதான். ஒரு பொருள், ஒரு விவசாயி, ஒரு வருஷம். எங்க வீட்டுல அரிசியை எடுத்தோம். மாசம் 15 கிலோ. கிலோ 60 ரூபாய்க்கு வாங்கிட்டிருந்தது 100 ரூபாய் ஆச்சு. மாசம் 600 ரூபாய் கூடுதல். ஒரு வாரக் கடைசியில ஆப்புல ஆர்டர் பண்ற பிரியாணிக் காசு. அந்த ஒரு ஆர்டரை விட்டோம், கணக்கு சரியாப் போச்சு. எல்லாராலயும் இது முடியாது. முடியாதவங்க அதுக்காகக் குற்ற உணர்ச்சியோட திரிய வேண்டாம்.

"இது வேகவே மாட்டேங்குது"

காசைவிடப் பெரிய தடை வீட்டுக்குள்ள இருக்கு. நாம செல்போன்ல பார்த்து முடிவெடுப்போம். சமைக்கிறது அம்மா. கூடுதலா ஊற வைக்கிறது, கல் பொறுக்குறது, புழு வராமப் பார்த்துக்கிறது, எல்லாம் அவங்க தலையில விழும். அதனால முதல் விதி: மாத்தணும்னு சொல்றவரே கிச்சனுக்குள்ள போகணும்.

ரெண்டாவது, அரிசியைச் சரியாத் தேர்ந்தெடுங்க. மாப்பிள்ளை சம்பாவை முதல் நாளே சாதமா வடிச்சா, வீடே எதிர்க்கட்சி ஆயிடும். அது கஞ்சிக்கும் இட்லிக்கும் நல்லாப் பொருந்தும், ராத்திரியே ஊற வைக்கணும். தினசரிச் சாதத்துக்குத் தூயமல்லி எடுங்க. வெள்ளையா இருக்கும், பழகின ருசிக்குப் பக்கத்துல வரும். இன்னொண்ணு, பாரம்பரிய அரிசின்னாலே சுகர் ஏறாதுன்னு நம்பிடாதீங்க. அதுவும் அரிசிதான், அளவு முக்கியம்.

முட்டையும் மீனும்

கூண்டுல அடைச்ச முட்டைக் கோழிக்குக் கிடைக்கிற இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சின்னது. கோழி, மாடுகளுக்குக் கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கிறதை மத்திய அரசு 2019-ல தடை செஞ்சது. மனுஷங்களுக்கு வேற மருந்து கேட்காதப்போ கடைசியாக் கொடுக்கிற மருந்து அது. அதனால கோழி எப்படி வளருதுங்கிறது நம்ம உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும்தான்.

பிரவுன் கலர் முட்டைன்னா நாட்டுக்கோழி முட்டைன்னு அர்த்தமில்லை. ஓட்டோட நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, வளர்ப்பைப் பொறுத்தது இல்லை. கோழி வெளியில மேயுதான்னு கேளுங்க. விலை கூடத்தான் இருக்கும். வாரத்துக்குப் பன்னிரண்டு வாங்கின இடத்துல ஆறு வாங்குங்க.

மீன் விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம். கோவளம் கரை பக்கத்துலயே இருக்கு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகளுக்குத் தடை. சின்ன ஃபைபர் படகுகள் அப்பவும் போகும். அதுல என்ன வருதோ அதை வாங்கப் பழகுங்க. எப்பவும் வஞ்சிரமே கேட்காம நெத்திலி, கவலை, மத்தின்னு மாறினா செலவும் குறையும்.

இந்த வாரம் செய்ய ஒண்ணு

அடையாறுல ஆர்கானிக் ஃபார்மர்ஸ் மார்க்கெட், கொட்டிவாக்கத்துல தொடங்கின ரீஸ்டோர்னு சென்னையில ஏற்கெனவே பாதை போட்டவங்க இருக்காங்க. அங்க போய், எந்த விவசாயிகிட்ட இருந்து வருதுன்னு கேளுங்க. இல்லைன்னா உங்க அபார்ட்மென்ட்ல பத்து வீடு சேருங்க. பத்து வீட்டுக்கு மாசம் 150 கிலோ அரிசி. ஒரு விவசாயி நம்பி நடவு போடுறதுக்கு அது ஒரு கணக்கு. ஆனா ரெண்டு மாசத்துல விட்டுடாதீங்க. நாம விட்டா நமக்கு அரிசி மாறும், அவ்வளவுதான். அவருக்கு ஒரு போகம் போயிடும்.

உங்க வீட்டுல முதல்ல எந்தப் பொருளை மாத்தப் போறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல எண்ணெய், செக்கு பத்திப் பேசலாம்.