கையெழுத்துப் போடும் முன் கடைசி மரம் வரை நடந்து பாருங்க
(எலுமிச்சை விவசாயிகளுக்கான சொட்டுநீர் மானிய விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்க்கு நல்ல விலை கிடைப்பது கோடையில். கிணத்துல தண்ணி கீழே போறதும் அப்பத்தான். நிலத்தடி நீரைக் காப்பாத்தணும் என்றுதான் அரசு சொட்டுநீருக்கு மானியம் தருகிறது.

'ஒரு துளி நீரில் அதிகப் பயிர்' திட்டத்தில், 5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம். மற்றவர்களுக்கு 75 சதவீதம். "சரி, பணம் எப்ப என் கணக்குல ஏறும்?" என்று கேட்பீங்க. ஏறாது. மானியம் குழாய் போட்ட நிறுவனத்துக்குப் போகும். வேலை முடிந்து, அலுவலர்கள் தோட்டத்தைப் பார்த்து, நீங்களும் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் போகும். அதனால உங்க கையெழுத்தைக் காசோலை மாதிரி நினைச்சுக்கோங்க. வெத்துத் தாளில் போடாதீங்க. "சாமான் வந்திருச்சு, மாட்டுறது அடுத்த வாரம்" என்றால் கையெழுத்தும் அடுத்த வாரம்தான்.

இப்ப முதல் படிக்கு வருவோம். தோட்டம் அப்பா பேர்ல இருக்கும், ஸ்மார்ட்போன் பிள்ளைங்க கையில இருக்கும். பிள்ளைங்க செய்ய வேண்டியது: 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவண இணையதளத்தில் பட்டா, சிட்டாவை எடுத்துப் பாருங்க. பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பேர்ல இருக்கா? கூட்டுப் பட்டாவா? அப்படியென்றால் பெயர் மாற்றம், உட்பிரிவு வேலையை இப்பவே தொடங்குங்க. பல விண்ணப்பங்கள் நிற்பது இந்த இடத்தில்தான். சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது இல்லாமல் 100 சதவீதம் கிடைக்காது. அடங்கல், புல வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு எல்லாத்தையும் தெளிவா படம் எடுத்து ஒரே இடத்தில் வச்சுக்கோங்க.

அடுத்தது மதிப்பீடு. 100 சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு உட்பட்டது. அந்தத் தொகை பயிர் இடைவெளியைப் பொறுத்து மாறும். எலுமிச்சையை 6 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 110 மரம்தான். நெருக்கமா நடும் பயிரைவிடக் குழாய் குறைவு, அதனால் தொகையும் குறைவு. ஊடுபயிருக்குக் கூடுதல் குழாய் கேட்டால் அதற்குக் கைக்காசு ஆகலாம். எது மானியத்தில் வருது, எது நம்ம கையில் என்று மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்க. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பழுது பார்க்க ஆள் வருவாங்களா என்று, ஏற்கெனவே போட்ட பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்க.

கடைசியா, மாட்டி முடித்த அன்று மோட்டாரைப் போட்டுவிட்டு மோட்டார் அறையிலேயே நிற்காதீங்க. தோட்டத்தின் கடைசி மரம் வரை நடங்க. அங்கேயும் சொட்டு ஒரே அளவா விழணும். மரத்தூரை ஒட்டிச் சொட்டுவான் இருந்தால் தள்ளி வைக்கச் சொல்லுங்க. தூரில் ஈரம் நின்றால் பட்டை அழுகும், பிசின் வடியும். வளர்ந்த மரத்துக்கு நிழல் விழும் விளிம்பில் தண்ணி விழுவதே நல்லது. வடிகட்டி இருக்கா, அதைக் கழற்றிக் கழுவக் காட்டிக் கொடுத்தாங்களா என்றும் பாருங்க. எல்லாம் சரியென்றால் போனில் படம் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்க.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு தடவை மானியம் வாங்கிய நிலத்துக்கு மறுபடி வாங்க 7 வருஷம் காத்திருக்கணும். அரைகுறை வேலைக்குக் கையெழுத்துப் போட்டால், அந்த 7 கோடையும் நம்ம மரம்தான் காயும்.

திட்ட விவரங்கள் 'உழவன்' செயலியில் இருக்கு. சந்தேகம் என்றால் உங்க வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் வாங்க.