192 கோர் இருக்கு, ஆனா உங்க சர்வீஸ் ஏன் திணறுது?

புது மொபைல் சிப் வந்தா யூடியூப் முழுக்க அதே பேச்சா இருக்கும். டேட்டா சென்டருக்குப் புது சிப் வந்தா ஒரு சத்தமும் இருக்காது. ஆனா நாம எழுதற கோடு பெரும்பாலும் அங்கதான் ஓடுது. அதனால இன்னைக்கு ஒரு சர்வர் ப்ராசஸரைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

2024 அக்டோபர்ல ஏஎம்டி தன்னோட ஐந்தாம் தலைமுறை எபிக் வரிசையை வெளியிட்டது. உள்ளுக்குள்ள வெச்ச பேரு டூரின். (நேப்பிள்ஸ், ரோம், மிலன், ஜெனோவான்னு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு இத்தாலி ஊர். டூர் போற மாதிரியே இருக்கும்.) இதுல உச்சியில இருக்கற மாடல் 9965. ஒரே சிப்புல 192 கோர், 384 த்ரெட், 500 வாட் மின்சாரம், 2024-ல வெளியானப்போ பட்டியல் விலை 14,813 டாலர். ரெண்டு சிப் போடற மதர்போர்டா இருந்தா 768 த்ரெட். லினக்ஸ்ல எச்டாப் போட்டா ஸ்க்ரீனே பத்தாது.

2017-ல முதல் எபிக் வந்தப்போ அதுல 32 கோர்தான். அப்போ இன்டெலோட பெரிய ஜியான்ல 28. ஏழு வருஷத்துல ஆறு மடங்கு எப்படி வந்தது? பெரிய சிலிக்கான் துண்டு ஒண்ணைச் செஞ்சா, அதுல எங்கயாவது ஒரு குறை விழுந்தாலே மொத்தமும் வீணாகலாம். சின்னச் சின்னத் துண்டா செஞ்சா, குறை விழுந்ததை மட்டும் ஒதுக்கிட்டு மத்ததைச் சேர்த்துக்கலாம். அதுதான் சிப்லெட். 9965-ல 16 கோர் கொண்ட சிப்லெட் 12 இருக்கு. டிஎஸ்எம்சியோட 3 நானோமீட்டர் முறையில செஞ்சது. நடுவுல மெமரியையும் மத்த இணைப்புகளையும் பார்த்துக்கற தனித் துண்டு ஒண்ணு. அது பழைய 6 நானோமீட்டர் முறைதான், அதுக்கு அதுவே போதும்.

சரி, கோர் ஆறு மடங்காச்சு. மெமரி?

ஒரு கல்யாணப் பந்தியை நினைச்சுக்கங்க. 2017-ல இலைக்கு முன்னாடி 32 பேர், பரிமாற 8 பேர். இப்போ 192 பேர் உட்கார்ந்திருக்காங்க, பரிமாற 12 பேர். அந்தப் பரிமாறறவங்கதான் மெமரி சேனல். இப்போ அவங்க வேகமா நடக்கறாங்க, அது உண்மை. டிடிஆர்4-2666 போய் டிடிஆர்5-6000 வந்தாச்சு. கணக்குப் போட்டா, அப்போ மொத்தம் நொடிக்குச் சுமார் 170 ஜிபி, இப்போ 576 ஜிபி. ஆனா ஒரு கோருக்குன்னு வகுத்துப் பாருங்க. அப்போ 5.3 ஜிபி, இப்போ வெறும் 3 ஜிபி. எல்லாரும் ஒரே நேரத்துல சாம்பார் கேட்டா, காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால இந்த 192 கோர் மாடல் எல்லாருக்குமானது இல்லை. சின்னச் சின்ன வெப் ரிக்வெஸ்ட், நூத்துக்கணக்கான குட்டி கன்டெய்னர்... இதுக்கெல்லாம் அருமை. பெரிய டேட்டாபேஸ் ஓட்டணும்னா நான் இதை எடுக்க மாட்டேன். அதே வரிசையில 9575எஃப்னு ஒண்ணு இருக்கு, 64 கோர்தான், ஆனா 5 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். 9965 அதிகபட்சம் 3.7. கோர் கணக்குல லைசென்ஸ் காசு வாங்கற சாஃப்ட்வேர்னா இன்னும் யோசிக்கணும். விண்டோஸ் சர்வர் 2016-லேர்ந்தே அப்படித்தான் வாங்குது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். எனக்கு இதுதான் முக்கியமா படுது.

குபர்நெட்டிஸ்ல உங்க பாட்-க்கு 2 சிபியு லிமிட் வெச்சிருக்கீங்க. பழைய மெஷின்ல ஒழுங்கா ஓடுது. இன்ஃப்ரா டீம் புது மெஷினுக்கு மாத்தறாங்க. கோடுல ஒரு வரிகூட மாறலை. ஆனா திடீர்னு சில ரிக்வெஸ்ட் மட்டும் 100 மில்லிசெகண்டு கிட்ட தொங்குது. எல்லாரும் நெட்வொர்க்கைத் திட்டுவாங்க, பாவம்.

என்ன நடக்குதுன்னா, உங்க ப்ரோக்ராம் "இங்க எத்தனை சிபியு?"ன்னு கேக்குது. லிமிட்டைப் பார்க்காம, மொத்த மெஷினையும் எண்ணி 384-னு பதில் வருது. கோ மொழியில எழுதின சர்வீஸ்னா, கார்பேஜ் கலெக்‌ஷனுக்கு அதுல கால்வாசி, அதாவது 96 த்ரெட்டை ஒதுக்கும். 2 சிபியு லிமிட்னா கெர்னல் கணக்குல ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் 200 மில்லிசெகண்டு சிபியு நேரம். 96 த்ரெட்டும் ஒண்ணா ஓடினா அது ரெண்டே மில்லிசெகண்டுல காலி. மிச்சம் 98 மில்லிசெகண்டு உங்க ப்ராசஸ் மொத்தமும் தூங்கும். டாஷ்போர்டுல சராசரி சிபியு குறைவாத்தான் தெரியும். அதான் கண்டுபிடிக்க நாளாகுது.

2025 ஆகஸ்ட்ல வந்த கோ 1.25 இந்த லிமிட்டைத் தானாவே பார்த்துக்குது. அதுக்கு முந்தின வெர்ஷன்னா கோமேக்ஸ்ப்ராக்ஸ் மதிப்பை நீங்களே வைக்கணும். ஜாவாவுல 10-ஆம் வெர்ஷன்லேர்ந்தே சரி பண்ணிட்டாங்க. ஆனா என்ஜின்எக்ஸ்ல வொர்க்கர் எண்ணிக்கைக்கு 'ஆட்டோ'ன்னு விட்டிருந்தா, மெஷினை எண்ணித்தான் வொர்க்கரைக் கிளப்பும். பைத்தான்ல ஓஎஸ் டாட் சிபியு கவுன்ட்டை நம்பி ப்ராசஸ் பூல் வெச்சிருந்தாலும் இதே கதைதான், மெமரியும் சேர்ந்து எகிறும்.

இன்னொண்ணு. கிளவுட்ல 'விசிபியு'ன்னு போட்டிருப்பாங்க இல்லையா, அது எல்லா இடத்துலயும் ஒரே பொருள் இல்லை. பல எக்ஸ்86 மெஷின்ல அது பாதி கோர், அதாவது ஒரு த்ரெட். ஏடபிள்யூஎஸ்-ஓட கிராவிட்டான் எடுத்தா முழு கோர். ஏஎம்டியிலயே எம்7ஏ வகையில முழு கோர் தராங்க. விலைப் பட்டியலை மட்டும் பார்த்து ஒப்பிடாதீங்க. உங்க சர்வீஸையே அதுல ஒரு நாள் ஓட்டி, ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு எவ்வளவு காசு ஆகுதுன்னு பாருங்க.

மெஷின் மாறப் போகுதுன்னு உங்க டீம்ல மெயில் வந்திருந்தா, இன்னைக்கே சிஎஃப்எஸ் த்ராட்டில் மெட்ரிக்கை ஒரு பேனலாச் சேர்த்து வைங்க. மாறினதுக்கு அப்புறம் சேர்த்தா, முன்னாடி எப்படி இருந்ததுன்னு தெரியாது. அடுத்த எபிசோடுல கிராவிட்டானுக்கு மாத்தும்போது எந்தெந்த லைப்ரரி உடையும்னு பேசுவோம்.