பரப்பும் ஹெக்டேயரும்



துணியை மீற்றரிலும் அரிசியைக் கிலோவிலும் வாங்கப் பழகிவிட்டோம். கொத்தை இன்று தேடுவாரில்லை; அதற்காக நாம் அழவும் வேண்டியதில்லை. காணியின் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் இன்றும் பரப்பென்றே பேசுகிறோம். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஹெக்டேயரில் எழுதினால் அது வெறும் 0.0253! (நம் பாட்டன்மார் கண்டால் காணி களவு போயிற்றென்பர்.) பழைய உறுதிகளில் சிக்கல் இன்னும் அதிகம். வரகுக் காணிப் பரப்பும் நெற்காணிப் பரப்பும் ஓரளவினவல்ல. வரகுப் பரப்புக்குக் குழி 18. இக்கணக்கு விளங்காமல் உடன்பிறந்தார் வேலிக்கு இருபுறமும் நின்று வழக்காடுவதா? இளைஞர்களே, விளக்கிச் சொல்லும் பெரியவர்கள் இருக்கும்போதே வீட்டு உறுதிகளை எடுத்து வாசியுங்கள்; இரு கணக்கையும் வேறொரு தாளில் எழுதி உறுதியோடு வையுங்கள்.