கோபத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

தலையில் பலத்த அடிபட்டுப் பிழைத்து வந்தவர்களுக்கு வருகிற கோபத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். மூளைக்காயம் பட்டவர்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சைதான் என் வேலை. நடை எப்போது வரும், பேச்சு எப்போது வரும் என்று சத்தமாகக் கேட்கிற குடும்பத்தார், இதை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "முன்னே இப்படி இல்லைங்க மேடம். இப்போ தொட்டதுக்கெல்லாம் அடிக்க வர்றார்."

கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் யாருக்காவது இது சொந்த வீட்டுக் கதையாக இருந்தால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது திமிர் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. எழுகிற கோபம் வாய்க்கும் கைக்கும் வருமுன் அதை அடக்கிவைப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையின் முன்பகுதி. பைக்கிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழும்போது மூளை மண்டையோட்டுக்குள் மோதி உரசுகிறது. கண்குழிகளுக்கு மேலே இருக்கிற எலும்பு கரடுமுரடானது. முன்பகுதி பெரும்பாலும் அங்கேதான் காயப்படுகிறது. வெளியே தழும்புகூட இருக்காது. "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று ஊர் சொல்லிவிடும்.

மயக்கம் தெளிகிற நாட்களில் குழாயைப் பிடுங்குவதும் நர்ஸைத் தள்ளுவதும் வேறு. அந்தக் குழப்பம் பலருக்கும் தெளிந்துவிடும். வீடு திரும்பியபின் சின்ன விஷயத்துக்கு வெடித்து, சீக்கிரமே அடங்கி, "ஏன் அப்படிச் செய்தேன்" என்று வருந்த வைக்கிற கோபம்தான் நீண்ட நாள் கூட வருவது.

சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரின் மனைவியிடம், கோபம் வந்த நேரத்தையும் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் எழுதிவரச் சொன்னேன். மகனின் பழைய கணக்கு நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் எழுதி வந்தார். "சாயங்காலம் ஆறரை. குக்கர் விசில். டிவியில் சீரியல். சின்னவன் சத்தமாகப் படித்தான். மாமா வந்து பணத்தைப் பற்றிக் கேட்டார். இவர் தட்டை வீசினார்." அடுத்த வரி: "காலை. தனியாக இட்லி சாப்பிட்டார். ஒன்றுமில்லை."

பாருங்கள் நேயர்களே, பக்கம் பக்கமாகப் புரட்டினால் கோபமெல்லாம் சாயங்காலத்திலேயே இருந்தது. காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும்; நாலு சத்தம் ஒன்றாக வந்தால் எதை விடுவது, எதைக் கேட்பது என்று பிரிக்க அதனால் முடியாது. மத்தியானம் ஒரு தூக்கம், சாப்பிடும்போது டிவி கிடையாது, ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவது, ஒரு கேள்விதான் கேட்பது என்று வீட்டை மாற்றினார்கள். தட்டு பறப்பது ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் நோட்டில் "ஒன்றுமில்லை" என்ற வரிகள் கூடின. அந்த நோட்டைப்போல எனக்குப் பாடம் சொன்ன புத்தகம் குறைவு.

மூளையின் முன்பகுதி காயப்பட்ட ஃபினியாஸ் கேஜ் என்பவரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட். ரயில் பாதைக்குப் பாறையில் வெடி வைக்கும்போது, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்தார். பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர் வசைச்சொல்லும் பிடிவாதமும் பொறுமையின்மையுமாக மாறிப்போனதாக அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ 1868-ல் எழுதினார். பலர் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய பகுதி. 1852-ல் சிலி நாட்டுக்குப் போன கேஜ், அங்கே பல ஆண்டுகள் ஆறு குதிரை பூட்டிய வண்டி ஓட்டினார். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலைதான் அவரை மீட்டிருக்கும் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

நேரம் நெருங்குகிறது. இந்தக் கோபத்துக்கு மருந்தும் உண்டு: புரோப்ரனோலால் போன்றவை சிலருக்கு உதவுகின்றன. டாக்டர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். சில மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டிவிடும். மது வேண்டவே வேண்டாம். கோபத்தோடு புதிதாகத் தலைவலி, வாந்தி, மந்தம் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை ஓங்கினால் வாதாடாதீர்கள். பிள்ளைகளோடு அடுத்த அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுங்கள். பொறுத்துக்கொண்டு அடிபடுவது சிகிச்சை ஆகாது. மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணமில்லை.

அடிபட்டவரையும் அவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் ஊர் குறைசொல்லாமல் தாங்கும் என்று நம்புகிறேன். வீட்டில் ஒரு நோட்டு கிடந்தால், இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறக்காமல் அதைக் கொண்டுபோங்கள்.