நெல் பூக்கும் நாளை அறிந்து விதைப்போம்

(ஆவடி, பூந்தமல்லி வட்டார நெல் உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



கூட்டம் தொடங்குமுன் உங்களில் ஒருவர் ஒரு பிடி பயிரைப் பிடுங்கி வந்து என்னிடம் காட்டினார். நாட்டு நெல் விதையை நல்ல விலை கொடுத்து வாங்கி, சொர்ணவாரிப் பட்டத்தில், சித்திரையில் விதைத்திருக்கிறார். ஆடி முடிந்தும் கதிர் வரவில்லை. பயிர் இடுப்பு உயரம் வளர்ந்து கரும்பச்சையாய் நிற்கிறது. "விதை கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா, ஐயா?" என்று கேட்டார். விதையில் ஏமாற்று இல்லை. அந்த நெல் தன் பாரம்பரிய இயல்புப்படிதான் நிற்கிறது. பொழுது குறையும் வரை, அதாவது ஐப்பசி வரையிலும் கூட, அது காத்திருக்கும். அதுவரை தண்ணீர் கட்ட வேண்டியவர் இவர். சம்பா நடவுக்கு இவருக்கு நிலமும் கிடைக்காது. இந்தக் கேள்வியையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்கிறேன்.

நெல்லின் வயதை நாம் 105 நாள், 130 நாள், 160 நாள் என்று சொல்கிறோம். அந்த வயதில் எல்லா இரகங்களுக்கும் பொதுவான பகுதி ஒன்று உண்டு. தண்டின் நுனியில் கதிர் உருவாகத் தொடங்கிய நாளிலிருந்து கதிர் வெளிவர ஏறத்தாழ 30 முதல் 35 நாள் ஆகும். கதிர் வந்தபின் மணி முற்ற, நம் வெப்பத்தில், இன்னொரு 30 நாள். இந்த இரண்டு மாதத்தில் குறுகிய கால நெல்லுக்கும் நீண்ட கால நெல்லுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபடுவதெல்லாம் அதற்கு முன்னுள்ள காலம், பயிர் தூர் கட்டி இலை விடும் காலம். 105 நாள் நெல்லில் அது 45 நாள். 160 நாள் நெல்லில் 95 நாளுக்கு மேல். ஆகவே 'எப்போது அறுவடை?' என்று கேட்பது, 'எப்போது இந்தப் பயிர் இலை விடுவதை நிறுத்திக் கதிர் கட்ட முடிவு செய்யும்?' என்று கேட்பதற்குச் சமம்.

பழமரங்களில் நிலைமை வேறு. கொடைக்கானல், நீலகிரி மலைகளில் வளரும் பீச் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூக்க வேண்டுமானால் முதலில் குளிர்காலத்தில் குறிப்பிட்ட மணி நேரம் குளிர்ந்து உறங்க வேண்டும். பூத்தபின் பழம் எத்தனை நாளில் கனியும் என்பது தனியாக, வேறு மரபணுக்களால் தீர்மானிக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தார் குறைந்த குளிரே போதுமான பீச் மரங்களைத் தேர்ந்து உருவாக்கியதால்தான் இன்று பஞ்சாப் சமவெளியிலும் பீச் காய்க்கிறது. பீச் ஆராய்ச்சியாளருக்குப் பூப்பு ஒரு கணக்கு, கனிவு ஒரு கணக்கு. நமக்கோ பூக்கும் நாள் தெரிந்தால் அறுவடை நாளும் தெரிந்துவிடும். அந்த வகையில் நெல் எளிது.

பூக்கும் நாளை நெல் இரண்டு வழியில் முடிவு செய்கிறது. ஒரு வகை நெல், விதைத்த நாளிலிருந்து நாள் கணக்குப் பார்த்துப் பூக்கும். மற்றொரு வகை, பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். செடி பகல் நீளத்தை அறியும் என்பதை 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் புகையிலையையும் சோயா மொச்சையையும் வைத்து நிறுவினார்கள். நெல் குறும்பகல் செடி. சென்னைப் பகுதியில் ஆனி மாதத்தில் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். மார்கழியில் 11 மணி 20 நிமிடம். வேறுபாடு ஒன்றரை மணிதான். ஆனால் பழைய சம்பா நெல்லுக்கு அது போதும். புரட்டாசிக்குப்பின் பகல் 12 மணிக்குக் கீழே இறங்குவதை உணர்ந்து அது கதிர் கட்டத் தொடங்கும்.

உணர்வது இலை, கதிர் கட்டுவது குருத்து நுனி. இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒரு செய்தி போகிறது என்று 1930-களிலேயே ஊகித்திருந்தார்கள். அந்தச் செய்தி ஒரு புரதம் என்றும், அதை உண்டாக்குவது 'எச்.டி. 3ஏ' என்ற மரபணு என்றும் 2007-இல் ஜப்பானியர் நெல்லில் காட்டினர். அதற்குக் கட்டளையிடும் மரபணுக்களில் முக்கியமானது 6-ஆம் குரோமோசோமில் உள்ள 'எச்.டி. 1'. விந்தை என்னவென்றால், அது பகல் குறுகினால் பூப்பை முடுக்கும், பகல் நீண்டால் அதே பூப்பைத் தடுக்கும். 7-ஆம் குரோமோசோமில் 'ஜி.எச்.டி. 7' என்று ஒன்று உண்டு. அது பூப்பைப் பிந்தச் செய்து கதிரில் மணிகளைப் பெருக்கும். பிந்திப் பூக்கும் நெல் பெருங்கதிர் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்மரபணுக்கள் பழுதானாலோ வலுவிழந்தாலோ நெல் பகலைப் பாராமல் நாள் கணக்கில் பூக்கும். பகல் உணர்வுள்ள நெல்லையும் இல்லாத நெல்லையும் ஒட்டுச் சேர்த்தால் பல ஒட்டுகளில் முதல் தலைமுறை உணர்வுள்ளதாகவே வரும். இரண்டாம் தலைமுறையில் நான்கில் மூன்று பங்கு பிந்தியும் ஒரு பங்கு முந்தியும் பூக்கும். உங்கள் வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிந்தி நிற்கும் கலவன் தூர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கதிர் வரும்போதே பிடுங்காமல் விதைக்கு வைத்தால், அடுத்த ஆண்டு வயலில் பாதி பழுத்தும் பாதி பச்சையாயும் நிற்கும்.

இந்த வேலையில் நம் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஆவடியிலிருந்து திருவள்ளூர் போகும் இரயில் பாதையில், செவ்வாப்பேட்டைப் பக்கம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரூர்குப்பம் என்ற பெயரைச் சுருக்கித்தான் 'டி.கே.எம்.' என்று இரகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். 1952-இல் வெளியான டி.கே.எம். 6, ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்தது. ஜி.இ.பி. 24 நீண்ட கால நெல். பிள்ளையோ ஏறத்தாழ 115 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக இதை எடுத்துக்கொண்டனர். 1969-இல் வந்த ஐ.ஆர். 20-க்கு இது நேர்ப் பெற்றோர். 110 நாளில் முற்றுவதும், 1980-களில் உலகிலேயே மிகுதியாகப் பயிரானதுமான ஐ.ஆர். 36-இன் வமிசத்திலும் இது உண்டு.

முந்திப் பூப்பது எப்போதும் ஆதாயம் என்று எண்ணிவிடக்கூடாது. ஜப்பானிய நோரின் 10-ஐயும் அதே ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து ஆடுதுறையில் உருவாக்கிய ஏ.டி.டி. 27, 1965-இல் வெளியாகித் தஞ்சைக் குறுவையில் வேகமாகப் பரவியது. 105 நாள் வயது, நல்ல விளைச்சல். ஆனால் முற்றிய மணிக்கு உறக்கத் தன்மை இல்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் கதிரிலேயே முளைத்துவிடும். பூக்கும் நாளை மாற்றினால் முற்றும் நாளும் மாறுகிறது, அந்த நாளின் வானிலைக்குப் பயிர் தயாராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி நம் சம்பாவுக்கு வருவோம். நெற்பூ காலை 9 மணி முதல் நண்பகலுக்குள் விரிகிறது. அந்த நேரத்தில் நாள்தோறும் மழை அடித்தால் மகரந்தம் கெட்டு, பதர் மிகுந்துவிடும். வடகிழக்குப் பருவமழை நமக்கு வலுப்பது ஐப்பசி, கார்த்திகையில். 2015-இல் நவம்பரிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் பெய்ததையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் புயல் கொட்டியதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 130 நாள் நெல்லை ஆகஸ்டு 15-இல் விதைத்தால் அது நவம்பர் 23 வாக்கில், நடுமழையில் பூக்கும். அதே நெல்லைச் செப்டம்பர் 15-இல் விதைத்தால் டிசம்பர் 24 வாக்கில் பூத்து, ஜனவரி 23 வாக்கில் அறுவடைக்கு வரும். திரூரில் உருவாகி 2015-இல் வெளியான டி.கே.எம். 13 இந்த 130 நாள் வயதுடையது, பின்சம்பாவுக்கு ஏற்றது. ஆகஸ்டு நடுவிலேயே தண்ணீர் இருந்து விதைக்க முடிந்தவர் 160 நாள் இரகத்தை எடுத்தால், அதுவும் டிசம்பர் 23 வாக்கில்தான் பூக்கும். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் அறுக்கலாம்.

பகல் உணர்வுள்ள நாட்டு நெல்லில் இந்தக் கணக்கை நெல்லே போட்டுக்கொள்கிறது. ஏரி பிந்தி நிரம்பி ஒரு மாதம் தாமதமாக விதைத்தாலும் கதிர் ஒரு மாதம் பிந்தாது. சில நாட்களே பிந்தும். தூர் மட்டும் குறையும். அதற்கேற்ப நெருக்கி நட வேண்டும். நம் முன்னோர் தைப் பொங்கலுக்குப் புத்தரிசி எடுத்ததில் இந்தக் குணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நெல்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதைச் சொர்ணவாரியில் விதைத்தால் நம் நண்பருக்கு நேர்ந்ததே நேரும். நவரையில் விதைத்தால் சில நெல் தை, மாசியின் குறும்பகலில் மயங்கித் தூர் கட்டுமுன்பே குட்டையாய்க் கதிர் விடும். சில நெல் அந்த வாய்ப்பைத் தவறவிட்டுப் புரட்டாசி வரை புல்லாகவே நிற்கும். விதை மூட்டையில் வயதை மட்டும் எழுதிவிட்டு, பகல் உணர்வு உண்டா இல்லையா என்பதை எழுதாமல் விடுவது பெருங்குறை என்பது என் கருத்து. சொர்ணவாரிக்கும் நவரைக்கும் கோ 51, ஏ.டி.டி. 37 போன்ற நாள் கணக்கு இரகங்களே தக்கவை.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை விளக்கு. பெங்களூர் நெடுஞ்சாலையிலும், வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும், தொழிற்கூட மதில்களிலும் விடியும் வரை விளக்கு எரிகிறது. பகல் நீளத்தை அளப்பதாகச் சொன்னேன். உண்மையில் செடி அளப்பது இருளின் நீளத்தை. சோதனைச் சாலையில் நள்ளிரவில் பத்து நிமிடம் வெளிச்சம் காட்டினாலே நெல் பூப்பதைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே விளக்குக் கம்பத்தை ஒட்டிய பகுதி மட்டும் பச்சையாய் நின்றால் பூச்சி என்றோ, தழைச்சத்து மிகுந்தது என்றோ எண்ணி மருந்து தெளிக்காதீர்கள். அடுத்த சம்பாவில் அந்தப் பகுதிக்கு மட்டும் பகல் உணர்வில்லாத இரகத்தை நடுங்கள். முடிந்தால் விளக்கின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி மறைப்புப் போடும்படி ஊராட்சியில் மனுக் கொடுங்கள்.

நண்பர் கையிலுள்ள விதையைப் போல, பெயர் மட்டுமே தெரிந்த விதை உங்களிடமும் இருக்கும். அதன் குணத்தை அறிய ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு சிறு பாத்தி போதும். முதல் பாத்தியில் ஆடி கடைசியில் ஒரு பிடி விதையுங்கள். இரண்டாவதில் சரியாக 30 நாள் கழித்து ஒரு பிடி. ஒவ்வொரு பாத்தியிலும் பாதித் தூர்களில் கதிர் தலை காட்டிய தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு தேதிக்கும் இடையே ஏறத்தாழ 30 நாள் இருந்தால் அது நாள் கணக்கு நெல். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் இருந்தால் அது பகல் பார்க்கும் நெல். சம்பாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் நண்பர் இப்போது நிற்கும் பயிரை என்ன செய்வது என்று கேட்பார். ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் மாட்டுத் தீவனத்துக்கு அறுத்துவிட்டு, நிலத்தை உழுது, செப்டம்பர் நடுவில் 130 நாள் நெல்லுக்கு நாற்றங்கால் போடட்டும். வீட்டில் மீந்திருக்கும் விதையில் இரண்டு பிடியை இந்தப் பாத்திகளுக்கு எடுத்து வைக்கட்டும்.