மருந்தால் உதிருங் கூந்தல்

(நமது சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இக்கூட்டங்களிற் கல்வியைப் பற்றியும், கலியாணச் செலவைக் குறைத்தலைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் சபையிற் பேசத்தக்கதன்று என்று சிலர் கருதலாம். மார்பில் வரும் புற்றுநோயைப் பெயர் சொல்லிக் கூறவுங் கூசி, 'அந்த வியாதி' என்று தாழ்ந்த குரலிற் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2020-ஆம் ஆண்டில் இந்தியாவிற் புதிதாக இந்நோய் கண்ட மாதர் சுமார் 1,78,000 பேர். நம் நாட்டு மாதர்க்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெற்றது. இத்தொகையில் நம் குலத்தார் எத்தனை பேர் என்று எவரும் எண்ணினாரில்லை. எனினும் தாயோ, தமக்கையோ, நாத்தனாரோ, அடுத்த வீட்டுப் பெண்மணியோ இந்நோயால் வருந்தக் கண்டறியாதார் இச்சபையிற் சிலரே யிருப்பர்.

நோய் முழுவதையும் விரித்துரைத்தல் எம் நோக்கமன்று. அதற்கு வைத்தியர்கள் உளர். புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் ஆஸ்பத்திரி தோன்றியது முதல், நம் நாட்டில் இந்நோய்க்குரிய வைத்தியம் மிகவும் வளர்ந்திருக்கின்றது. அந்தச் சிகிச்சையின் இடையே தலைமயிர் உதிர்ந்துபோகும் ஒன்றைப் பற்றியே பேசப் புகுந்தோம். உயிரைக் கவரும் நோயின் முன்னே மயிர் ஒரு பொருளாமோ என்று ஆடவர் வினவுவர். மார்பிற் கட்டி என்று கேட்டபோது கலங்காது நின்ற பெண்மணிகள், தலைமயிர் முழுதுங் கொட்டிவிடும் என்று வைத்தியர் கூறியவுடன், 'அப்படியாயின் இம்மருந்தே வேண்டா' என்று எழுந்து வந்ததை யாம் அறிவோம். மகள் கலியாணம் முடியட்டும், தைமாதம் போகட்டும் என்று நாட்களைக் கடத்தி, கட்டி கைகடந்தபின் திரும்பிப் போனவர்களையும் அறிவோம். ஆதலின் இது அற்ப விஷயமன்று.

முதற்கண், மயிர் உதிர்வது ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளல் நலம். மனிதர் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்கள் உள. அவற்றுள் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எந்நேரமும் வளர்பருவத்தில் இருப்பன. எஞ்சியவை ஓய்ந்திருந்து தாமே விழுவன. வளரும் மயிரின் அடியிலுள்ள அணுக்கள் நம் உடம்பில் மிக விரைவாகப் பெருகுவனவற்றுட் சேர்ந்தவை. புற்றுநோயின் அணுக்களும் அடங்காது பெருகுவன. கீமோதெரபி என்று வழங்கும் மருந்து, பெருகும் அணுக்களைத் தாக்கவல்லதேயன்றி, இது பகை, இது உறவு என்று பகுத்தறிய வல்லதன்று. ஆகவே பகையோடு உறவும் அடிபடுகின்றது. ஆயினும் பெரும்பாலும் மயிரின் மூலம் அழிவதில்லை. ஆடுமாடுகள் தரைமட்டும் மேய்ந்துவிட்ட அருகம்புல், நிலத்தினுள்ளே வேர் கிடந்து, ஒரு மழை கண்டதும் துளிர்க்கவில்லையா? அவ்வாறே மருந்து நின்றதும் மயிர் துளிர்க்கும்.

எல்லாச் சிகிச்சையாலும் தலைமயிர் உதிரும் என்று எண்ணுவது தவறு. மார்பில் அறுவை செய்வதனால் உதிர்வதில்லை. மார்புக்குக் கொடுக்கும் ரேடியேஷனாலும் தலைமயிர் உதிர்வதில்லை. கதிர் பட்ட இடத்து மயிரையே அது தொடும். நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசினும், பாக்ளிடாக்ஸல், டோசிடாக்ஸல் என்பனவுமே பெரும்பாலார்க்குத் தலையை வெறுமையாக்குவன. வேறு சில மருந்துகளால் மயிர் மெலிவதோடு நிற்கும். தமக்கு ஏற்றப்படும் மருந்து எது, அதனால் உதிருமா என்று வைத்தியரை முன்னதாகவே கேட்டல் வேண்டும். இங்கே மற்றொரு பேதைமையையுங் குறிப்பிடுதல் தகும். மயிர் கொட்டினால்தான் மருந்து வேலை செய்கின்றது என்றும், கொட்டாவிடின் பணம் வீணென்றும் சிலர் பேசிக்கொள்கின்றனர். இவ்விரண்டிற்கும் ஒரு சம்பந்தமுமில்லை.

முதல் மருந்து ஏறிய இரண்டு அல்லது மூன்று வாரத்தில் உதிர்தல் தொடங்கும். அதற்குச் சற்று முன் தலைத்தோல் தொட்டால் நோவதுமுண்டு. பின்னர்த் தலையணையிலும், சீப்பிலும், குளிக்குமிடத்து நீர் போகும் தாரையிலும் கற்றை கற்றையாகக் காண நேரும். முழங்கால் வரை பின்னலிட்ட தலையில் இதனைக் காண்பது எளிதன்று. எனவே, முன்கூட்டியே கழுத்தளவாகக் கத்தரித்துக்கொண்டோர்க்குத் துயரம் சிறிது குறைகின்றது. முழுதும் எடுத்துவிட எண்ணுவோர் மழிக்குங் கத்தியை விலக்கி, இயந்திரத்தால் ஒட்ட வெட்டுவித்தல் நன்று. இம்மருந்துக் காலத்தில் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் குறையுமாதலின், கத்தி கீறிய சிறு புண்ணும் சீழ்பிடிக்கக்கூடும். புருவமும் இமைமயிரும் சிலர்க்குச் சற்றுப் பிந்தி உதிரும். மூக்கினுள் இருக்கும் மயிரும் போய்விடுவதால், சளி பிடியாமலே மூக்கு நீராய் ஒழுகும். அதனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை.

உதிராமற் காக்க வழியுண்டா என்று கேட்பீர்கள். தலையைக் குளிர்விக்கும் தொப்பி ஒன்று உண்டு. மருந்து ஏறுவதற்கு அரைமணி முன்னிருந்து, ஏறி முடிந்து ஒன்றரை மணிவரையும் அதனை அணிந்தால், குளிரால் தலைத்தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மயிரின் அடிக்கு மருந்து குறைவாகச் செல்லும். 2015-இல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து அதிகார நிலையத்தார் இத்தகைய இயந்திரம் ஒன்றை மார்புப் புற்றுநோய் கண்ட மாதர்க்கு அனுமதித்தனர். 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தொப்பி அணிந்த 95 பேரில் 48 பேர் பாதிக்கு மேற்பட்ட கூந்தலைக் காத்துக்கொண்டனர். அணியாத 47 பேரில் ஒருவரும் காத்துக்கொண்டாரில்லை. சிவப்பு மருந்து ஏறுவோர்க்கு இதன் பலன் குறைவு. நம் நாட்டிற் பெரிய நகரங்களில் சில ஆஸ்பத்திரிகளில் இது கிடைக்கின்றது, செலவும் மிகுதி. இது கிடையாமற் போனதைப் பற்றி எவரும் மனம் நோவவேண்டுவதில்லை.

இனி, எம் மனத்தை மிகவும் வருத்தும் பகுதிக்கு வருவோம். மருந்து செய்வது சில மாதத் துன்பம். நம் வீடுகள் செய்வது அதனினுங் கொடிது. தலைமயிர் இழந்த பெண்மணியை நிச்சயதார்த்தத்தில் தட்டெடுத்துக் கொடுக்க அழைப்பதில்லை. நலங்கு வைக்கவும் ஆரத்தி சுற்றவும் ஐந்து சுமங்கலிகள் வேண்டுமெனின், அவளை விட்டுவிட்டு எண்ணுகின்றனர். வெளிப்படையாக ஒருவரும் ஒன்றுஞ் சொல்வதில்லை. 'உடம்பு முடியாதே அக்கா, அறையிலே படுத்துக்கொள்ளுங்கள்' என்று அன்பான வார்த்தையாலேயே அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகின்றனர். அவ்வன்பின் பொருள் அவளுக்கு விளங்காமலா போகும்? வெள்ளணுக்கள் குறைந்த நாட்களிற் கூட்டத்தினிடையே போகலாகாது என்பது உண்மையே. அது வைத்தியர் சொல்லுங் காரணம். வெறுந்தலை அமங்கலம் என்று எந்த வைத்தியர் சொன்னார்?

முன்னாளிற் சில வகுப்பாரிடையே கைம்பெண்களின் தலையை மழிக்குங் கொடிய வழக்கம் இருந்தது. சீர்திருத்தக்காரர் பேசியும் எழுதியும் அதனை எதிர்த்தனர். வழக்கம் மறைந்தும் அதன் நிழல் நம் கண்ணை விட்டு மறையவில்லை. வெறுந்தலையைக் கண்டவுடன் அந்நினைவே எழுகின்றது. ஆயின் அதே நாம், பழனியிலும், சமயபுரத்திலும், திருப்பதியிலும் பிரார்த்தனைக்காக முடியிறக்கிய பெண்ணைக் கண்டு யாது சொல்கின்றோம்? தலையிற் சந்தனம் பூசி, 'வேண்டுதல் நிறைவேறியது' என்று மகிழ்ந்து, அந்தத் தலையோடே பஸ்ஸிலும் ரயிலிலும் அழைத்து வருகின்றோமன்றோ? கணவனும் பிள்ளைகளும் நலமாயிருக்க முடி கொடுத்த தலை மங்கலமாயின், அதே பிள்ளைகளுக்குத் தாயாக உயிரோடு இருப்பதற்கு முடி கொடுத்த தலை மாத்திரம் அமங்கலமாவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை கூறுவார் எவரையும் யாம் இதுவரை கண்டிலோம்.

பெரியபுராணத்தில் மானக்கஞ்சாற நாயனார் சரித்திரத்தைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நெடுங்காலம் வேண்டிப் பெற்ற ஒரே மகளுக்கு மணநாள். மணமகன் ஏயர்கோன் கலிக்காமர் வந்துகொண்டிருக்கின்றார். அப்பொழுது மாவிரதியாராக வந்த இறைவன், அப்பெண்ணின் கூந்தல் தமக்குப் பஞ்சவடிக்கு ஆகுமென்ன, நாயனார் மறுக்காமல் அடியோடு அரிந்து கொடுத்தார். இறைவன் காட்சி தந்து மறைந்தபின் வந்துசேர்ந்த கலிக்காமர், நிகழ்ந்ததைக் கேட்டு உவந்து, திருவருளைப் போற்றி, அருளாற் கூந்தல் மீண்டும் பெற்ற அப்பெண்ணையே மணம் புரிந்தார். கூந்தல் அரிந்த வீட்டில் முகூர்த்தம் ஆகாதென்று எவரும் எழுந்து போனதாகச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. கோயிலில் இக்கதையைக் கேட்டு உருகுகின்ற நாம், கலியாண மண்டபத்திற் கலிக்காமரை மறந்துவிடுகின்றோம்.

தாயின் தலையைக் கண்டால் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் வேறு இருக்கின்றது. இது தொற்று நோயன்று. இந்நோய் கண்டோரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்க்கே பரம்பரையில் வந்த மரபணுக் குறை காரணமாகும். ஐயமுள்ள குடும்பத்தார் அதனைப் பரிசோதனையால் அறியலாம். சம்பந்தம் பேச வருவோர் இதனையுந் தெரிந்துகொண்டு பேசுதல் நலம். கணவன்மார்க்குச் சொல்லவேண்டியது சிறிதே: அவளை முன்போல முகம் பார்த்துப் பேசுங்கள். வீட்டிற் சிறு குழந்தைகள் இருந்தால், அம்மாவின் முடி சில நாள் இராது, பின் வளரும் என்று உதிர்வதற்கு முன்னரே சொல்லி வையுங்கள். சொன்னால் குழந்தைகள் எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. திடீரென்று கண்டால் மிரண்டு அழுகின்றன.

கடைசி மருந்து ஏறி ஒன்றிரண்டு மாதத்திற் பூனைமயிர் போன்ற மெல்லிய முடி தோன்றும். அதன்பின் மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சிறிது மிகுதியாக வளரும். ஆறு மாதத்தில் ஆண்பிள்ளைகளின் கிராப்புப் போல் ஆகிவிடும். கொண்டை முடிய இரண்டு மூன்று வருஷம் ஆகும். முன்பு நீண்டு நேராயிருந்த கூந்தல் சுருட்டையாக முளைப்பதும், கருமை மாறிச் சாம்பல் நிறமாக வருவதும் உண்டு. பெரும்பாலும் இம்மாறுதல்கள் நாளடைவில் நீங்கும். சாயம் பூச விரும்புவோர் முடி உரம் பெறும்வரை சில மாதம் பொறுத்து, வைத்தியரைக் கேட்டுப் பூசுதல் வேண்டும். சிறுபான்மையோர்க்கு, முக்கியமாக டோசிடாக்ஸல் ஏறியவர்களிற் சிலர்க்கு, முடி முழுதும் திரும்பாமற் போவதுமுண்டு. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. மருந்துக்குப்பின் பல வருஷம் உட்கொள்ளும் தமாக்ஸிபென், லெட்ரோசோல் முதலிய மாத்திரைகளாலும் முடி சற்று மெலியலாம். அதன் பொருட்டு மாத்திரையைத் தாமே நிறுத்துதல் பெருந்தீங்காகும்.

இந்நிலையில் ஓடி வருபவர்கள் தைல வியாபாரிகள். இத்தனை நாளிற் கூந்தல் காலைத் தொடும் என்று படம் போட்டுக் காட்டுகின்றனர். மருந்து ஏறும் காலத்தில் இத்தைலங்களால் உதிர்தல் நிற்காது. தோல் வெந்தாற்போலிருக்கும்போது காரமான மூலிகைகளைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டதே மிச்சம். மென்மையான சோப்பும், தோல் வறண்டால் சிறிது தேங்காயெண்ணெயும் போதும். வெயிலிற் போகும்போது பருத்தித் துணியால் தலையை மூடுதல் அவசியம். முடி வளர உண்ணும் பயோட்டின் மாத்திரையை வைத்தியருக்குத் தெரியாமல் உட்கொள்ளலாகாது. அது சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே தவறாகக் காட்டச் செய்யும்.

டோப்பா அணிவதைப் பற்றி ஒரு சொல். அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம். வேண்டுவோர் முடி உதிருமுன்னரே அளவும் நிறமும் பார்த்து வாங்குதல் நலம். செயற்கை இழையாற் செய்தது மலிவு; அடுப்பருகே நின்றால் வெப்பத்திற் சுருங்கிவிடும். மனித முடியாற் செய்ததற்கு விலை அதிகம். திருமலையில் நாம் கொடுக்கும் காணிக்கை முடியைத் தேவஸ்தானத்தார் ஏலத்தில் விற்க, அத்தகைய முடி கடல் கடந்து அயல்நாட்டு மாதர்க்கு டோப்பாவாகின்றது. நம் வீட்டுப் பெண்மணிக்கோ அதனை வாங்கப் பணம் போதவில்லை.

சென்னையிற் கல்லூரிப் பெண்கள் நோயாளிகளுக்கென்று கூந்தல் அளித்திருக்கின்றனர். நம் குலத்து மாணவிகளுள்ளும் அளிக்க விரும்புவோர் உளர் என்று கேள்வியுறுகின்றோம். அவர்கள் கவனிக்கவேண்டுவன: பத்து அல்லது பன்னிரண்டு அங்குல நீளமேனும் இருத்தல் வேண்டும். தலை குளித்து, நன்றாக உலர்ந்தபின் பின்னலிட்டு, இரு முனையும் ரப்பர் வளையத்தாற் கட்டி, மேற்கட்டுக்கு மேலே வெட்டுதல் வேண்டும். ஈரமுடி வழியிலேயே பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போகும். தரையில் விழுந்து கலைந்த முடியை எடுத்துக் கட்டி அனுப்பினால், அது டோப்பாவுக்குப் பயன்படாது. வாங்கி டோப்பா செய்விப்போரின் நிபந்தனைகளை விசாரித்து, அடுத்த கூட்டத்திற்கு முன் நம் காரியதரிசி அவர்கள் அறிவிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே கொடுக்கலாம்.