இரும்புப் பாதை போட்ட நம் முன்னோரைத் தேடி

(பங்கின் யூபிலி விழாவையொட்டி, நோணாங்குப்பத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய ஏற்பாட்டிலே, லேவியர் ஆகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் யூபிலி ஆண்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. அந்த ஆண்டில் அவரவர் தத்தம் காணியாட்சிக்கும் தத்தம் குடும்பத்துக்கும் திரும்பிப் போக வேண்டும். காணி என்று சொல்லிக்கொள்ள நம்மில் பலருக்கு ஒன்றும் கிடையாது. குடும்பத்துக்காவது திரும்பலாம் அல்லவா? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பங்கு அலுவலகத்துக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் இப்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "சாமி, எங்கள் தாத்தாவின் ஞானஸ்நான ஓலை கிடைக்குமா?" காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. அன்று யார் எங்கே பிறந்திருந்தார், எதில் கையெழுத்திட்டார் என்பதைப் பொறுத்து, ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆன கதைகள் நம்மிடையே உண்டு. ஆக, ஒரு காகிதத்துக்காகத் தேடத் தொடங்குகிறார்கள். தேடிக்கொண்டே போகும்போது, "எங்கள் முன்னோர் ஒருவர் ரெயில்வேயில் இருந்தாராம்" என்ற பேச்சு வரும். என்ன வேலை என்று கேட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் என்பார்கள். எல்லாரும் ஸ்டேஷன் மாஸ்டர் என்றால், தண்டவாளத்தைத் தூக்கிப் போட்டது யார்?

சற்று வரலாறு சொல்ல வேண்டும். தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1874-இல் தென்னிந்திய ரெயில்வே கம்பெனி ஏற்பட்டது. அதன் மீட்டர் பாதை 1876, 1877 ஆண்டுகளில் திண்டிவனம், விழுப்புரம், கடலூர் என்று தெற்கே நீண்டது. விழுப்புரத்திலிருந்து வளவனூர், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு வரும் கிளைப்பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான். ஆனால் அது ஆங்கிலேயர் மண்ணில் தொடங்கிப் பிரெஞ்சுக்காரர் மண்ணில் முடிந்த பாதை.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலையில் வயதுவந்த ஓர் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். அதையும் வாங்க மண்வெட்டியைப் பிடிக்கத் தெம்பு வேண்டும். தென்னாற்காடு ஜில்லாவில் பாதை வேலை நடந்தது இத்தகைய காலத்தில். மண் வெட்டியவர், கூடை சுமந்த பெண்கள், ஜல்லி உடைத்தவர், சிலிப்பர் கட்டை தூக்கியவர் எல்லாரும் ரெயிலின் மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்லர், வயிற்றுக்காக வந்தவர்கள். அப்போது புதுவை மிஷனின் அப்போஸ்தலிக்க விகாரியாராக இருந்தவர் லவுவெனான் ஆண்டகை. அவர் காலத்துப் பஞ்ச ஆண்டுகளில் பெரியவர்கள் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றார்கள். உங்கள் குடும்பம் அப்போது வேதத்தில் சேர்ந்ததாக இருந்தால், குழந்தை ஞானஸ்நானத்தை மட்டும் தேடாமல் பெரியவர்களின் ஞானஸ்நானத்தையும் தேட வேண்டும்.

நிற்க. பாதை போட்ட கூலியாளின் பெயரை எங்கே தேடுவது? எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்காலத்துப் பொதுப்பணித் துறையின் ரெயில்வே நடவடிக்கைகள் உள்ளன. அவற்றில் மதிப்பீடு இருக்கும், பாலத்தின் கணக்கு இருக்கும், என்ஜினியர்களின் கடிதங்கள் இருக்கும். எத்தனை கன அடி மண் வெட்டப்பட்டது என்பதும் இருக்கும். வெட்டியவனுடைய பெயர் இராது. கம்பெனி காண்டிராக்டரிடம் வேலையை விட்டது; காண்டிராக்டர் மேஸ்திரியிடம் விட்டார்; மேஸ்திரி ஆள் பிடித்தார். பெயர் எழுதிய கூலிப் பட்டியல் மேஸ்திரியின் மடியோடு போயிற்று.

கப்பலேறியவனின் நிலை இதற்கு நேர்மாறு. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நேட்டால் அரசு ரெயில்வேயில் பாதை வேலை செய்தார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் எல்லாம் உண்டு. சாதி என்ற கட்டத்தில் நம்மவர்களுக்குக் 'கிறிஸ்தவர்' என்று எழுதியிருப்பார்கள்! அந்தப் பட்டியல்கள் தர்பன் நகரிலுள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தின் முயற்சியால் இன்று கணினியிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. மொரீஷியசில் 1864-இல் ரெயில் ஓடத் தொடங்கியது. அங்கே குடியேறியவர்களின் பதிவேடுகள் மோக்கா ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பலருக்குப் புகைப்படமும் இருக்கிறது. ரெயூனியன் தீவின் ரெயில் 1882 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் அந்தத் தீவுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கிலேய அரசு நிறுத்திவிட்டது. எனவே அங்கே போனவரைத் தேடுகிறவர்கள் 1882-க்கு முந்திய ஏடுகளைப் பார்க்க வேண்டும்.

வீட்டை விட்டுப் போனவனுக்கு இவ்வளவு விவரம். உள்ளூரில் உழைத்தவனுக்கு ஒரு வரியும் இல்லை. இதில் வியப்பில்லை. கப்பல் கூலி கொடுத்து, ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டு அழைத்துச் சென்றவனுக்கு ஆள் ஓடிவிடாமல் பிடித்துவைக்க அடையாளம் வேண்டியிருந்தது. மச்சத்தையும் தழும்பையும் எழுதினான். தாயின் பெயரைக் கேட்கவில்லை.

தாயின் பெயரை எழுதிய ஏடு நம் கோயில் ஏடுதான். ஞானஸ்நானத்தையும் மெய்விவாகத்தையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. குழந்தையின் பெயர், தகப்பன், தாய், ஞானப் பெற்றோர், குருவின் கையெழுத்து. இவ்வளவுதான். கவர்னர் துரை வீட்டுப் பிள்ளைக்கும் மண் சுமந்தவள் பிள்ளைக்கும் அதே வரிசை.

ஆனால் இந்த ஏட்டைப் படிக்க ஒரு தந்திரம் தெரிய வேண்டும். செமினாரியில் எங்களை வாட்டியெடுத்த லத்தீன் இங்கே கைகொடுக்கிறது. வீட்டில் இராயப்பன் என்று கூப்பிட்டவரை மிஷனரி குரு 'பெத்ருஸ்' என்று எழுதுவார். அருளப்பன் 'யோவான்னெஸ்', சின்னப்பன் 'பவுலுஸ்', சூசை 'யோசேஃபுஸ்', முடியப்பன் 'ஸ்தெஃபானுஸ்', பெலவேந்திரன் 'அந்திரேயாஸ்', யாகப்பன் 'யாக்கோபுஸ்'. அதே இராயப்பனைப் பிரெஞ்சு குமாஸ்தா தம் காதில் விழுந்தபடி ஒரு விதமாக எழுதுவார். ஆங்கிலேய குமாஸ்தா வேறு விதமாக எழுதுவார். மூன்று ஏடுகளில் மூன்று பேர் போலத் தோன்றும், மனிதர் ஒருவரே. வயதையும் நம்பி விடாதீர்கள். இருபத்தைந்து, முப்பது, நாற்பது என்று குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். (பெண்களில் பாதிப்பேர் மரியா, அங்கே பொறுமைதான் வேண்டும்.)

என் தாத்தாவின் தாத்தாவை நான் தேடிய விதத்தைச் சொன்னால் இது விளங்கும். 'விழுப்புரம் லைனில் இருந்தவர்' என்பது மட்டுமே எங்கள் வீட்டில் இருந்த செய்தி. தாத்தாவிலிருந்து தொடங்கினேன். 1908-க்குப் பிறகு ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி. அதனால் தாத்தாவின் திருமணம் எளிதாகக் கிடைத்தது. அவருடைய தகப்பனாரின் திருமணப் பதிவில் பெற்றோர் பெயரும், பிறந்த ஊரும் இருந்தன. அந்த ஊர் விழுப்புரம் பக்கத்துப் பழைய பங்கு ஒன்றைச் சேர்ந்தது. அங்கே போய் ஏட்டைப் புரட்டினேன். அவருடைய ஞானஸ்நானம் இருந்தது. தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் மூன்று லத்தீன் சொற்கள்: 'ஒப்பெராரியுஸ் வியே ஃபெர்ரே'. இரும்புப் பாதைக் கூலியாள்.

ஞானத் தகப்பனுக்கும் அதே மூன்று சொற்கள். சொந்தக்காரர் எவரும் பக்கத்தில் இல்லை. கூட வேலை செய்தவரே குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கிறார். பாதை வேலைக்காரரைத் தேடுகிறவர்கள் ஞானப் பெற்றோரின் பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கேங்கு எங்கே நகர்ந்ததோ அங்கெல்லாம் அதே நாலைந்து பெயர்கள் மாறி மாறி வரும்; அந்தத் தடத்தைப் பிடித்தால் உங்கள் ஆளும் அகப்படுவார்.

இரண்டு ஆண்டு கழித்து அதே பங்கின் அடக்க ஏட்டில் அந்தத் தாயின் பெயர் இருந்தது. அவஸ்தைப்பூசுதல் பெற்று இறந்தார் என்று குரு எழுதியிருந்தார். அதன்பின் தகப்பனின் பெயர் அந்தப் பங்கின் ஏடுகளில் இல்லை. கைக்குழந்தையோடு அவர் எங்கே போயிருப்பார்?

இங்கேதான் பிரெஞ்சுக்காரரின் ஏடு உதவியது. 1880 ஏப்ரல் 24-ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் உள்நாட்டவருக்கும் எத்தா சிவில் பதிவு விரிவாக்கப்பட்டது. ஆங்கிலேயர் பக்கத்தில், சென்னை மாகாணத்துக்கான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல்தான் வந்தது. பிரெஞ்சு மரணப் பதிவில் இறந்தவர் இன்னாருடைய கணவர் அல்லது இன்னாரை இழந்தவர் என்று எழுதுவார்கள். புதுச்சேரிப் பதிவு ஒன்றில் தாத்தாவின் தாத்தா இருந்தார். பெயர் எழுத்து மாறியிருந்தது; வயது எட்டு ஆண்டு வித்தியாசம்; தொழில் வெறுமனே 'கூலி'. ஆனால் இழந்த மனைவியின் பெயர், அவள் தகப்பன் பெயரோடு, கோயில் ஏட்டில் இருந்தபடியே இருந்தது. அவள் பெயர் இல்லையென்றால் இரண்டு பதிவும் ஒருவரையே குறிக்கின்றன என்று நான் சொல்லியிருக்க முடியாது. மனைவி இறந்ததும் அவள் பிறந்த வீட்டார் இருந்த பிரெஞ்சுப் பக்கத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் புதுவைக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

இதைக் குடும்பத்தில் சொன்னபோது பெரியவர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. "கூலி என்று எழுதி வைக்காதே, பெண் கொடுக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார். நான் எழுதியே வைத்தேன். நம் ஆண்டவரைத் தச்சன் மகன் என்று சொல்லி ஊரார் இளப்பமாகப் பேசினார்கள். சுவிசேஷகர்கள் அதை மறைக்கவில்லையே.

இன்னொன்று. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டன. அத்தகைய குடும்பத்தார் 1881-க்கு முந்திய ஏட்டில் இப்போதைய குடும்பப் பெயரைத் தேடிப் பயனில்லை. முன்னோரின் சொந்தப் பெயரையே தேட வேண்டும்.

எத்தா சிவிலின் மறு பிரதிகள் பிரான்சில் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் உள்ளன. பழைய ஆண்டுகளை வீட்டுக் கணினியிலேயே பார்க்கலாம். பிரெஞ்சிந்திய அரசின் பழைய ஏடுகளுக்கு லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. கோயில் ஏட்டைப் பொறுத்தவரை, ஒரு பங்கு தனியாகப் பிரிவதற்கு முந்தியவை தாய்ப்பங்கில்தான் இருக்கும். போகுமுன் அந்தப் பங்குத் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிறு பூசை முடிந்து அவர் காப்பி குடிக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

கடைசியாக, நம் வீடுகளில் இருக்கும் காகிதங்களைப் பற்றி. சுண்ணாம்பாற்றின் ஓரத்தில் குடியிருக்கிறோம். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல், அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம். பழைய பத்திரமும் படமும் தகரப் பெட்டியோடு நனைந்து போன வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மீதி உப்புக்காற்றுக்கும் கரையானுக்கும். ஆகவே யூபிலி ஆண்டு முழுவதும் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்கு அலுவலகம் திறந்திருக்கும். பழைய ஞானஸ்நான ஓலை, நொத்தேர் பத்திரம், பென்ஷன் புத்தகம், மரணப் பதிவு, பின்பக்கம் பெயர் எழுதிய போட்டோ எதுவானாலும் கொண்டு வாருங்கள். இளைஞர் மன்றத்தார் படியெடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுப்பார்கள். தயவுசெய்து எதையும் லேமினேட் செய்து கொண்டு வர வேண்டாம். சூட்டில் மை வெளுக்கும்; ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவும் முடியாது. ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டிமார் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம்.